புற்றுக்குத் தெரியாத நிலா

கோம்பைக்காட்டின் நடுவே கருமடு என்று ஒரு மடு இருந்தது. மழை பொய்த்த வருஷம் அது. ஓடை வறண்டது, குட்டை வெடித்தது, ஊற்றுகள் கண்ணை மூடிக்கொண்டன. கருமடுவில் மட்டும் தண்ணீர் மிஞ்சியது. அந்தத் தண்ணீரில் ஒரு முதலையும் மிஞ்சியது!

வயதான முதலை. முதுகில் பாசி, பல்லில் கறை, பேச்சில் திமிர். காட்டு மிருகங்கள் அதை 'முதலையார்' என்று மரியாதையாகத்தான் கூப்பிடும். தாகம் என்று வந்துவிட்டால் மரியாதை தானாக வரும்.

முதலையாருக்கு ஒரே ஒரு பலவீனம். கேட்டிராத கதையைக் கேட்டால் வாய் பிளந்துவிடும். 'அப்புறம்?' என்ற கேள்வி இரண்டு தாடைக்கும் நடுவே முட்டுக்கொடுத்து நிற்கும். அந்த நேரத்தில் மான் அவர் மூக்குக்கு நேரே நின்று தண்ணீர் குடித்தாலும் கடிக்க மறந்துபோவார். ஆனால் அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டதோ, டப்பென்று வாய் மூடிக்கொள்ளும். மூடுகிற வாய்க்குள் யார் கால் இருக்கிறது, யார் வால் இருக்கிறது என்றெல்லாம் அவர் பார்ப்பதில்லை.

அதனால் மிருகங்கள் கூடி ஒரு முறை வைத்துக்கொண்டன. வயலுக்கு முறைத்தண்ணீர் விடுகிற மாதிரி இது முறைக்கதை. வெயில் தாழ்கிற நேரத்தில், நாளுக்கு ஒரு வீட்டார் கரையில் நின்று புதுக்கதை சொல்ல வேண்டும். முதலையார் வாய் பிளந்து நிற்கும்போது மற்ற எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொள்ள வேண்டும். கதை சொன்னவர் கடைசியாகக் குடிப்பார்.

இந்த வேலையில் சீரங்காயியை மிஞ்ச ஆளில்லை.

சீரங்காயி ஓர் அழுங்கு. எறும்புதின்னி என்றும் சொல்வார்கள். உடம்பு முழுக்கச் செதில், வாயில் ஒரு பல் கிடையாது. ஆனால் நாக்கு? நீட்டினால் முக்கால் உடம்பு நீளம் வரும்! "கடவுள் பல்லுக்குப் பதிலா எனக்குப் பேச்சைக் குடுத்துட்டார்" என்று அவளே சொல்லிக்கொள்வாள். அவள் வால்மேல் எந்நேரமும் அவள் குட்டி குருத்து ஒட்டிக்கொண்டு சவாரி செய்யும். அழுங்குக் குட்டிகளுக்கு வால்தான் தொட்டில்.

ஒருமுறை அவள் சொன்னாள்: "போன மழைக்கு ஒரு இடி வழிதவறி என் வளைக்குள்ளே விழுந்துருச்சுங்க. மூணு நாள் கழிச்சுத் தோண்டி எடுத்தேன். அப்பவும் லேசா உறுமிக்கிட்டுத்தான் இருந்தது. பாவம்னு ரெண்டு கறையான் குடுத்து அனுப்பிவச்சேன்!"

முதலையார் வாய் அன்று ஒரு பாகம், அதாவது இரண்டு கையை விரித்த அகலம், பிளந்தது. ஒரு யானைக்குட்டி உள்ளே போய்ப் படுத்துத் தூங்கி எழுந்திருக்கலாம்.

அது பச்சைப் பொய். ஆனால் பொய்க்கும் ஒரு வேர் இருந்தது. அந்த மழையில் மூன்று நாள் அவள் வளைக்குள் சுருண்டு, ஒவ்வோர் இடிக்கும் நடுங்கி, 'அடுத்தது என் தலையில்தான்' என்று கிடந்திருக்கிறாள். அந்த நடுக்கத்தை நக்கி நக்கிப் பார்த்துத்தான் ஒரு வாரம் கழித்துக் கதையாக்கினாள். அவளுடைய கதை எல்லாமே அப்படித்தான். சுலபத்தில் வராது. வந்தால் விடாது.

மற்றவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முறை வந்தால் ஒளிய இடம் தேடுவார்கள். அதிலும் காட்டுப்பன்றி குப்பண்ணன் ரொம்பவே தேடுவான்.

ஒருநாள் குப்பண்ணன் மடுக்கரையில் இருந்த பெரிய கறையான் புற்றில் முதுகைத் தேய்த்துக்கொண்டே புலம்பினான்.

"நாளைக்கு என் முறை! எனக்குக் கிழங்கு தோண்டத்தான் தெரியும். கதை எங்கிருந்து தோண்டுவேன்?"

"என்ன மாதிரிக் கதை வேண்டும்?" என்றது ஒரு குரல்.

குப்பண்ணன் துள்ளி விழுந்தான். "யாரது?"

"நாங்கள்தான். புற்று. நீங்கள் கேட்டது அருமையான கேள்வி, குப்பண்ணரே! சிரிப்பா, அழுகையா? நீளமா, குட்டையா?"

ஆயிரமாயிரம் கறையான்கள் ஒரே நேரத்தில் முணுமுணுத்தால் ஒரே குரலாகக் கேட்கும். அந்தப் புற்று கரையிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. மடுக்கரையில் இதுவரை யார் என்ன கதை சொன்னாலும், கறையான்கள் அதைப் பொடிப்பொடியாகக் கடித்து, உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்து வைத்திருந்தன. கேட்டால் போதும். இந்தப் பொடியில் கொஞ்சம், அந்தப் பொடியில் கொஞ்சம் எடுத்து எச்சில் விட்டுக் குழைத்து, ஒரு தும்மல் நேரத்தில் கதை கட்டித் தந்துவிடும்.

மறுநாள் குப்பண்ணன் கரையில் நின்றான். "வெள்ளி நிலா வானத்தில் தவழ்ந்தது..." என்று ஆரம்பித்தான்.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குப்பண்ணன் வாயிலா இது? முதலையார் வாய் ஒரு பாகம் பிளந்தது!

அப்புறம் கேட்க வேண்டுமா? காடே புற்றின் முன்னால் வரிசை கட்டியது. சின்ன மான் சாதியான கேளையாடு பாவாயி வந்தாள். கிழ மந்தி வந்தது. யார் வந்தாலும் புற்று முகம் சுளிக்கவில்லை. "அருமையான கேள்வி!" என்றுதான் ஆரம்பித்தது. யாரும் ஒளிய இடம் தேடவில்லை. எல்லோரும் நிம்மதியாகத் தண்ணீர் குடித்தார்கள். அதைக் குறை சொல்லக் கூடாது. தாகம் தாகம்தானே!

சீரங்காயிக்கு மட்டும் எரிச்சலாக இருந்தது.

"புத்தைத் தின்னு வளர்ந்த வமிசம் நாங்க! புத்துக்கிட்டப் போயி நான் கதை கேக்கறதா?" என்றாள்.

"அக்கா, நீ ஒரு வாரம் உருண்டு புரண்டு ஒரு கதை பண்ணுறே. அது தும்மறதுக்குள்ளே பண்ணுது. எதுக்கு உடம்பைக் கெடுத்துக்கிறே?" என்றாள் பாவாயி.

"பண்ணிட்டுப் போகுது. நான் என் நாக்கை நம்பறவ!"

நாக்கை நம்பினாள். ஆனால் அடுத்த முறை வந்தபோது குருத்துக்குக் காய்ச்சல். இரண்டு நாள் தூக்கம் இல்லை. கதைக்கு நடு இருந்தது, முடிவு இருந்தது, ஆரம்பம் மட்டும் அகப்படவில்லை. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் புற்றோரம் போனாள்.

"முதல் வரி மட்டும் போதும். ஒரே வரி!"

"தாராளமாக. வேண்டுமானால் முழுக்கதையும்..."

"வேண்டாம்! ஒரு வரி!"

புற்று தந்தது. நல்ல வரிதான். அடுத்த முறை, நடுவில் ஒரு திருப்பம் கேட்டாள். அதற்கடுத்த முறை, "முடிவு மட்டும் கொஞ்சம் பார்த்துக் குடு" என்றாள். நாலாவது முறை, "நீயே சொல்லிரு" என்றுவிட்டாள். இவ்வளவு உதவி செய்கிற புற்றைத் தின்பது பாவம் என்று தோன்றியதால், அந்தப் பக்கம் நாக்கு நீட்டுவதையும் விட்டுவிட்டாள். கறையானைப் பார்த்து எறும்புதின்னி கும்பிடு போட்டதை அந்தக் காடு அப்போதுதான் பார்த்தது!

அவள் முழுசாகப் புற்றின் கதையைச் சொன்ன அன்று எல்லோரும் தலையாட்டினார்கள். திரும்பி வரும் வழியில் வால்மேலிருந்து குருத்து கேட்டது.

"அம்மா, அந்தக் கதையில ஒரு பெரிய ஆறு வந்துச்சே, அதை நீ எங்கே பார்த்தே?"

சீரங்காயி நடையை வேகமாக்கினாள்.

இரண்டு மாதம் போயிற்று. மெல்ல ஒரு விஷயம் நடந்தது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஒரு பாகம் திறந்துகொண்டிருந்த முதலையார் வாய் ஒரு முழமாகக் குறைந்தது. அப்புறம் ஒரு சாணானது.

காரணம் இதுதான். மடுக்கரையில் சொல்கிற கதைகளைத்தான் புற்று தின்று சேர்த்தது. இப்போது மடுக்கரையில் சொல்வதெல்லாம் புற்று கட்டிக்கொடுத்த கதைகள். தான் துப்பியதையே தான் தின்றது. தின்றதையே மறுபடி துப்பியது. எல்லாக் கதையிலும் வெள்ளி நிலா தவழ்ந்தது. எல்லாக் கதையிலும் ஒரு மான் கண்ணீர் விட்டது. எல்லாக் கதையின் முடிவிலும் எல்லோரும் மனம் திருந்தினார்கள், மழை கொட்டியது.

ஒருநாள் கிழ மந்தி கதை சொல்லிக்கொண்டிருந்தபோது முதலையார் குறுக்கே கேட்டார்.

"இரு, இரு. கடைசியில மழை பெய்யுமா?"

"ஆ... ஆமாங்க!"

"தினமும் கதையில மழை பெய்யுது. என் மடுவுல ஒரு சொட்டு ஏறலையே!"

டப்! மந்தியின் வால்நுனி போயிற்று.

மந்தி மரத்தில் ஏறி அலறியது. குடித்துக்கொண்டிருந்தவர்கள் பாதித் தாகத்தோடு ஓடினார்கள். முதலையார் வாலைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

"நாளைக்கு ஒருத்தரும் வர வேணாம். நாளன்னிக்கு யார் முறை?"

"சீ... சீரங்காயி முறைங்க" என்றான் குப்பண்ணன், ஒரு புதருக்குப் பின்னாலிருந்து.

"அந்த நாக்குக்காரியா? நல்லதாப் போச்சு. அவகிட்டச் சொல்லு. ஒரு கதை. எனக்குத் தெரியாத கதை. அடுத்தது என்னன்னு நான் கண்டுபிடிச்சுட்டேன்னா முதல்ல அவளை விழுங்குவேன். அப்புறம் இந்தக் கரையில ஒருத்தன் காலை வைக்கக் கூடாது!"

சேதி கேட்ட சீரங்காயி அன்று ராத்திரி முழுக்க வளைக்குள் கிடந்து யோசித்தாள். பழைய மாதிரி ஒரு பொய், ஒரே ஒரு பொய்! நாக்கை இப்படிச் சுழற்றினாள், அப்படிச் சுழற்றினாள். ஒட்டிக்கொண்டு வந்ததெல்லாம் வெள்ளி நிலா. ரொம்ப நாள் நடக்காத கால் மரத்துப்போகிற மாதிரி, உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது.

மறுநாள் விடிந்ததும் புற்றிடம் ஓடினாள். "உன்கிட்ட இருக்கறதிலேயே நல்ல கதையா ஒண்ணு குடு. என் உசுரு அதுலதான் இருக்குது!"

"அருமையான கேள்வி! தாய்ப்பாசக் கதை ஒன்று தருகிறோம். கல்லும் கரையும்" என்றது புற்று. சொல்லத் தொடங்கியது. "வெள்ளி நிலா வானத்தில் தவழ்ந்தது. தாய் தன் குட்டியை மார்போடு அணைத்தாள். உலகமே அழிந்தாலும் உன்னை விடமாட்டேன் என்றாள்..."

கேட்டுக்கொண்டே வந்த சீரங்காயி நிறுத்தினாள். "இதுலேயும் எதுக்கு நிலா?"

"நிலா வந்தால் கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள்."

"அது சரி. நிலா எப்படி இருக்கும், சொல்லு பாப்போம்!"

புற்றின் ஆயிரமாயிரம் வாய்கள் ஒன்றாக அடங்கின.

"தெரியாது" என்றது. "எங்களுக்குக் கண் கிடையாது."

"என்னது!"

"கறையானுக்கு ஏது கண்? நீங்கள் வெள்ளி என்றீர்கள், நாங்களும் வெள்ளி என்றோம். தவழ்ந்தது என்றீர்கள், தவழ்ந்தது என்றோம். முன்பெல்லாம் உங்கள் இடிக்கதை மாதிரி ஏதாவது வந்து விழும். கடிக்கக் கடிக்கச் சுவையாக இருக்கும். இப்போது எங்கள் எச்சில்தான் எங்களுக்கே திரும்பி வருகிறது. சீரங்காயி, எங்களுக்கும் பசிக்கிறது."

சீரங்காயிக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் உயிர் போகிற நேரத்தில் உண்மைகளை உட்கார்ந்து யோசிக்க யாருக்கு நேரம்? கதையை வாங்கிக்கொண்டாள். குருத்தை வாலில் ஏற்றிக்கொண்டு, மனப்பாடம் செய்துகொண்டே பனங்காட்டு வழியாக வளைக்கு நடந்தாள்.

அந்த வழியில் என்ன நடந்தது என்பது அவளுக்கும் குருத்துக்கும்தான் தெரியும். யாரிடமும் வாய் திறக்கவில்லை. பொழுது சாய்கையில் வளைக்குத் திரும்பியவள் இரையெடுக்கவும் இல்லை.

மறுநாள் வெயில் தாழ்ந்தது. கருமடுக் கரையில் காடே கூடியது. ஒரு நாள் தண்ணீர் இல்லாமலே நாக்கெல்லாம் தொங்கியது. பாவாயி தண்ணீர் ஓரம் வந்து, வாயை வைக்கலாமா வேண்டாமா என்று நின்றாள்.

முதலையார் தண்ணீரிலிருந்து தலையை உயர்த்தினார். "ம்! ஆரம்பி!"

சீரங்காயி தொண்டையைச் செருமினாள். "வெள்ளி நிலா வானத்தில்..."

"தவழ்ந்தது" என்றார் முதலையார்.

"ஒரு தாய் தன் குட்டியை மார்போடு..."

"அணைத்தாள். உலகமே அழிந்தாலும் உன்னை விடமாட்டேன் என்றாள். சரியா?"

முதலையார் வாய் நாலு விரல் அகலம்தான் திறந்திருந்தது. அது மூன்று விரலாயிற்று. இரண்டு விரலாயிற்று. பாவாயி பின்வாங்கினாள். குப்பண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

"முடிஞ்சுதா, நாக்குக்காரி?"

அவள் நாக்கு காய்ந்த தோல்வார் மாதிரி ஒட்டிக்கொண்டது. அதில் பொய் இல்லை, கதை இல்லை, நிலாவும் இல்லை. நேற்று நடந்தது ஒன்றுதான் இருந்தது.

"அந்தத் தாய் விட்டுட்டாளுங்க" என்றாள் சீரங்காயி.

"என்ன?"

"குட்டியை விட்டுட்டா. பனங்காயைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டா."

முதலையார் கண் இமை மேலே போயிற்று. "பனங்காயா?"

"ஆமாங்க. பனங்காய்."

"பனங்காயை எதுக்குடி கட்டிப்பிடிச்சா?"

"சொல்றேனுங்க." அவளுக்குக் கோர்வையாக வரவில்லை. திக்கித் திக்கி வந்தது. "நேத்து நான்... அந்தத் தாய் நான்தானுங்க. புத்துக் குடுத்த கதையை மனப்பாடம் பண்ணிக்கிட்டே வந்தேன். தாய்ப்பாசக் கதை. ஒரு வேர்ல இடறினேன். வால்லே இருந்த குட்டி விழுந்திருக்குது. எனக்குத் தெரியலை. நான் கதையில இருந்தேன். அப்போ சிறுத்தை வாடை வந்துச்சு. எங்க சாதிக்கு வாடை வந்தா யோசனை கிடையாதுங்க. வாலுக்குப் பக்கத்துல உருண்டையாக் கிடந்ததை வயித்தோட அணைச்சேன், சுருண்டேன். அவ்வளவுதான்."

"அது குட்டி இல்லையா?"

"பனங்காயுங்க! அதுக்கும் தலையில செதில் செதிலாத் தோடு இருக்குதுங்களே. தடவிப் பார்த்தேன், குட்டி மாதிரியே இருந்தது."

முதலையார் வாய் ஒரு சாண் திறந்தது.

"அப்புறம்?"

"சிறுத்தை சுத்திச் சுத்தி வந்தது. என்னை உருட்டிப் பார்த்தது. நான் உள்ளே இருட்டுல, 'பயப்படாதே கண்ணு, அம்மா இருக்கேன்'னு சொல்லிக்கிட்டே கிடந்தேன். பனங்காயும் பயப்படலைங்க. சமத்தா இருந்தது."

கரையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரித்தது பாவாயி. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா தாலாட்டும் பாடுச்சு!" என்றது ஒரு சின்னக் குரல். வால்மேலிருந்து குருத்து எட்டிப் பார்த்தது. "நான் வெளியே இருந்து கேட்டேன். அம்மா அம்மான்னு கூப்பிட்டேன். அது யாருக்கோ பாட்டுப் பாடிக்கிட்டே இருந்துச்சு!"

சிரிப்பு பட்டென்று நின்றது. முதலையார் வாய் ஒரு முழம் பிளந்தது.

"குட்டி வெளியிலா? சிறுத்தைகிட்டயா? அப்புறம்? சொல்லுடி!"

சீரங்காயி வாலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வாடை போனதும் விரிஞ்சு பார்த்தேனுங்க. மடியில பனங்காய். பத்தடி தள்ளி சருகுக்கு அடியில கைப்பிடி உருண்டையா ஒண்ணு கிடந்தது. அதுவரைக்கும் அதுக்குத் தனியாச் சுருளத் தெரியாதுங்க. நான் சொல்லிக் குடுக்கலை. 'எங்கே கண்ணு கத்துக்கிட்டே?'ன்னு கேட்டேன். 'நீ வரலை, அதனால சுருண்டேன்'னுச்சு. இந்தா பாருங்க."

குருத்து திரும்பி முதுகைக் காட்டியது. மூன்றாவது செதிலில் ஒரு நகக்கீறல், வெள்ளையாக.

கரையில் குடிக்க வந்தவர்கள் குடிக்க மறந்து நின்றார்கள். மந்திதான் முதலில் சுதாரித்தது. "குடிங்கடா!" என்று கிசுகிசுத்தது. ஒருவர் பின் ஒருவராகத் தண்ணீரில் வாய் வைத்தார்கள். முதலையார் கண்ணுக்கு அவர்கள் யாரும் தெரியவில்லை.

"அந்தப் பனங்காய்?" என்றார் முதலையார் மெதுவாக. "அதை என்ன பண்ணினே?"

"ஆத்திரத்துல எட்டி ஒரு உதை விட்டேனுங்க. அது உருண்டு போயிக் குப்புறக் கிடந்தது. ரெண்டடி நடந்தேன். மனசு கேக்கலை. அரைநாள் மடியில வச்சிருந்த பாவம். திரும்பிப்போயி நிமிர்த்தி வச்சுட்டு வந்தேன்."

முதலையார் வாய் இரண்டு பாகம் பிளந்தது! அந்த வாயை அவ்வளவு பெரிதாக அந்தக் காடு பார்த்ததில்லை. அவர் கண்ணோரம் ஏதோ மினுங்கியது. முதலைக் கண்ணீரை நம்பக் கூடாது என்பார்கள். அன்றைக்கு வந்ததை நம்பலாம். பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

"நிமிர்த்தி வச்சியா..." என்றார் அவர். "அதை நான் நினைச்சே பார்க்கலையே! நினைச்சே பார்க்கலையேடி!"

கடைசியாகச் சீரங்காயி தண்ணீரில் நாக்கை நீட்டினாள். குருத்தைப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு காலால் அதன் முதுகைத் தொட்டுக்கொண்டே குடித்தாள். முதலையார் திறந்த வாயோடு பார்த்துக்கொண்டிருந்தார். மடு எல்லோருக்கும் திறந்தே இருந்தது.

மறுநாள் குப்பண்ணன் முறை. பழக்க தோஷத்தில் புற்றுக்குப் போனான். புற்று உற்சாகமாக இருந்தது. புதுத்தீனி கிடைத்திருந்ததே!

"அருமையான கேள்வி, குப்பண்ணரே! இதோ: வெள்ளி நிலா வானத்தில் தவழ்ந்தது. ஒரு தாய் பனங்காயை மார்போடு அணைத்தாள். பனங்காய் கண்ணீர் விட்டது. எல்லோரும் மனம் திருந்தினார்கள். மழை..."

"முந்தாநாளு அது பட்டப்பகல்லே நடந்துச்சு! நிலா எங்கிருந்து வந்துச்சு?" என்றான் குப்பண்ணன்.

புற்று மறுபடியும் 'வெள்ளி நிலா' என்றுதான் ஆரம்பித்தது.

குப்பண்ணன் வெறுங்கையோடு கரைக்குப் போனான். "எனக்குக் கதை ஒண்ணும் தெரியாதுங்க" என்றான். "தவளை குறுக்கே தாண்டினா எனக்கு ஒண்ணுக்கு வந்துரும். அதை வேணா சொல்லட்டுங்களா?"

முதலையார் வாய் ஒரு முழம் திறந்தது. எல்லோரும் குடித்தார்கள். சொல்லப்போனால், சிரித்ததில் பாதிப் பேருக்குப் புரையேறிவிட்டது.

சீரங்காயியின் அடுத்த முறை வந்தது. நேரே போய்க் கரையில் நின்றாள். அன்றைய கதையில் அந்தப் பனங்காய் முளைத்தது. ஒரே வாரத்தில் மரமாயிற்று. அவள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஓலையை ஆட்டி "அம்மா!" என்று கூப்பிட்டு, 'குருத்துக்கு மட்டும் வால், எனக்கு மட்டும் தரையா?' என்று சண்டை போட்டது! பச்சைப் பொய். வேர் உள்ள பொய். முதலையார் தாடையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

போகும் வழியில் அவள் புற்றோரம் நின்றாள்.

"இனிமே உன்கிட்டக் கேக்க வரமாட்டேன். சொல்ல வேணா வர்றேன். நீயும் பாவம், கண்ணில்லாத சீவன்" என்றாள். "நிலா வெள்ளி இல்லை, தெரிஞ்சுக்கோ. பாதிநாளு ஒரு பக்கம் யாரோ கடிச்ச மாதிரி இருக்கும்."

"கடித்தது யார்?" என்றது புற்று ஆவலாக.

"அதை இனிமேத்தான் யோசிக்கணும்!" என்றாள் சீரங்காயி. வந்ததற்கு நாக்கை நீட்டிப் புற்றிலிருந்து ஒரு வாய் கறையானும் நக்கிக்கொண்டு, வாலைத் திரும்பிப் பார்த்து, குட்டி இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு நடந்தாள்.

இரவல் சொல் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும், தான் பட்டதைத் தன் நாக்கால் தடுமாறிச் சொல்கிறவர் கதைக்குத்தான் கேட்பவர் வாய் பிளக்கும்.